செல்ஃப் எடுக்காத அம்பாசடர்

ஒச்சப்பன் அண்ணன் கையில் கயிற்றோடு வந்து நின்றார்.

ஆரப்பாளையத்தில் எங்கள் கடை இருக்கும் சந்தில் வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு லோடு வேன் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது. கடைக்கு எதிர்ச் சுவரோரம் அவருடைய வெள்ளை அம்பாசடர் கார் இரண்டரை மாதமாக ஒரே இடத்தில் நின்றது. கண்ணாடி முழுக்கத் தூசி. அந்தத் தூசியில் யாரோ விரலால் இதயம் வரைந்து அம்பு விட்டிருந்தார்கள்.

“தப்பா நெனைக்காதம்மா,” என்றார். “மக கல்யாணத்துக்கு இன்னும் ஒம்பது நாளுதான் கெடக்கு. அந்தக் கார்லதான் மண்டபத்துக்கு வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வேற எலெக்ட்ரீசியன்ட்ட இழுத்துட்டுப் போறேன்.”

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் மேல் என்ன தப்பு? இத்தனை நாள் பொறுத்ததே பெரிது.

அப்போது கடைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் கணவர் தவமணி எழுந்துவிட்டிருந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, ஒச்சப்பன் அண்ணன் கையிலிருந்த கயிற்றை இடது கையால் பிடித்தார். பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அவருடைய வாய் எதையோ தேடியது.

“தீவாளி,” என்றார்.

ஒச்சப்பன் அண்ணன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். என் கணவர் சொல்ல வந்தது ‘நாளைக்கு’ என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

“ஒரே ஒரு நாள் குடுங்கண்ணே,” என்றேன். “நாளைக்குச் சாயந்தரம் வந்து பாருங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா நானே கயிறக் கட்டி விடுறேன்.”

“வேலைய யாரும்மா பாக்குறது? தவமணிக்குக் கை...” மீதியை விழுங்கிக்கொண்டார்.

“நான் பாக்குறேன்.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

கத்திரிக்கோல் பிடித்த கை

பிளவுஸ் தைத்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “கத்திரிக்கோல் பிடித்த கை ஸ்பேனர் பிடித்தது எப்போது?”

இதோ, அந்தக் கயிற்றுக்கு மறுநாள்தான்.

அதுவரை கடைக்கும் எனக்கும் இருந்தது வெறும் தூக்குவாளி உறவு. மதியச் சோற்றைக் கொடுப்பேன், காலி வாளியை வாங்கிக்கொண்டு கோச்சடையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவேன். ஆனால் கொடுத்த உடனே கிளம்பிவிட முடியாது. அவருக்குப் பேச ஆள் வேண்டும். பல்லிடுக்கில் ஒயரைக் கடித்துக்கொண்டே பேசுவார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே பேசுவார். ஒருமுறை அப்படிக் கால் மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து பார்த்தால், நின்றுகொண்டிருந்தது ஒரு ஆடு.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பேச்சு போனது.

ஒச்சப்பன் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். காரின் பழைய பெட்ரோல் இன்ஜின் இறுகிப்போய் உயிரை விட்டதால், டீசல் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக் கடை மெக்கானிக் ரபீக் பாய் பழையதைத் தூக்கி எடுத்துவிட்டு அதை ஏற்றி முடித்தார். மிச்சமிருந்தது ஒயரிங். அது என் கணவரின் வேலை.

காலையில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவர், விடிந்ததும் பல் துலக்கப் போனார். கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார்.

பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கால் மெல்ல மெல்ல எழுந்தது. வலது கை எழவில்லை. பேச்சு மட்டும் வேறு மாதிரியாகத் திரும்பியது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். வாயில் வருவது மட்டும் வேறொன்றாக இருக்கும்.

தண்ணீர் வேண்டுமென்றால் “சோப்பு” என்பார். கரண்டியைக் காட்டி “சாவி” என்பார். எல்லா நிறமும் “செவப்பு”. என்னை ஒரு மாதம் “அண்ணே” என்று கூப்பிட்டார். கடையில் நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை அல்லவா, அதுதான் முந்திக்கொண்டு வந்திருக்கும். முதல் நாள் சிரித்தேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். “நேர் ரோடு அடைபட்டுப் போச்சுக்கா. மூளை சந்து சந்தா சுத்திப் போயி, கையில கிடைக்கிற வார்த்தைய எடுத்துட்டு வருது. சில நேரம் பக்கத்து வீட்டு வார்த்தை வரும். சில நேரம் சம்பந்தமே இல்லாம வரும். நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. அதனால் பேசுவதையே விட்டுவிட்டார். தட்டை நகர்த்தி வைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கடைக்கு வந்தாலாவது முகம் மாறுமா என்று, அந்த வாரம்தான் ஆட்டோவில் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் தானாகச் செய்த முதல் காரியம் அந்தக் கயிற்றைப் பிடித்ததுதான். அந்தக் கையை எடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

டெய்லர் சாக்கட்டி

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டோம். சேலைக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தையல் பெட்டியையும் தூக்கிவந்திருந்தேன். ரபீக் பாய் அதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, காருக்கு பிளவுஸா?” என்றார். சிரிப்பு வரவில்லை.

ஒரு இன்ஜினை உயிர்ப்பிக்க அதை முதலில் யாராவது சுற்றிவிட வேண்டும். அதைச் செய்வது செல்ஃப் மோட்டார். அதற்குப் பெருங்கொண்ட மின்சாரம் வேண்டும். சாவியும் அதன் மெல்லிய ஒயரும் அதைத் தாங்காது, உருகிவிடும். அதனால் நடுவில் சோலினாய்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் சிறிய மின்சாரம் போய் அதைத் தட்டும். அது பேட்டரியின் பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடும். திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

பழைய இன்ஜினுக்கு இந்தச் சோலினாய்டு தனியாக, பானெட்டுக்குள் தகரச் சுவரில் இருந்தது. டீசல் இன்ஜினுக்கோ அது செல்ஃப் மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. ஆகவே பழையதைக் கழற்றி, அதற்குப் போன ஒயர்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தடித்த கேபிள், ஒரு மெல்லிய ஒயர். கேட்க எளிது.

இன்று இதை மூச்சுவிடாமல் சொல்கிறேன். அன்று எனக்கு இதில் பாதி தெரியாது.

அவரை பானெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நிறத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் குழப்பம் வரும் என்பதால், நானே ஒவ்வொரு ஒயராகத் தொட்டு, “இதா?” என்று கேட்டேன். ஆமென்றால் கண்ணை மூடித் திறப்பார். இல்லையென்றால் என் கையில் ஒரு தட்டு. ஆமென்றவற்றின் நுனியில் வெவ்வேறு நிறத் தையல் நூலைக் கட்டினேன். பிளவுஸ் துணி மாறாமலிருக்க முடிச்சுப் போட்டுப் பழகிய கை, அது பாட்டுக்குக் கட்டியது.

முதலில் எதைக் கழற்றுவது என்று யோசித்தேன். அவர் இடது கையால் பேட்டரியின் மைனஸ் முனையைக் காட்டினார். அதைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். பிறகு தகரச் சுவரிலிருந்த பழைய சோலினாய்டையும் கழற்றினேன்.

செல்ஃப் மேலிருந்த சோலினாய்டின் பின்பக்கம் இரண்டு பெரிய போல்ட்கள் இருந்தன. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை நோக்கித் தடித்த கேபிளைக் கொண்டுபோனேன். பட்டென்று கையில் அடி விழுந்தது, வலிக்கிற மாதிரியே. தையல் பெட்டியிலிருந்து சாக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். குனிந்து, மற்ற போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். இடது கையில் போட்ட அந்தக் கோணல் கோட்டைப் பார்த்தபோது, எனக்கென்னவோ அவருடைய பழைய கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

தடித்த கேபிளை அங்கே முடுக்கினேன். சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் நீளம் போதவில்லை. இன்னொரு துண்டை இணைத்து, டேப் சுற்றிச் சிறிய முனையில் மாட்டினேன். நிமிர்ந்தபோது உச்சிவெயில். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டக்

பேட்டரியை மாட்டினேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஹார்னும் அடித்தது. ரபீக் பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, “பிஸ்மில்லா” என்று சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். செல்ஃப் சுற்றவில்லை.

என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “மண்ணு,” என்றார்.

முனைகளில் மண்ணும் தூசியும் படிந்திருக்கிறது என்கிறார் போலும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி மறுபடி மாட்டினேன்.

டக்.

“மண்ணு!” என்றார் மறுபடி. காலால் தரையைத் தட்டினார்.

பேட்டரி முனைகளையும் தேய்த்தேன். பழைய துணியால் இன்ஜினையே துடைத்தேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். “மண்ணு, மண்ணு, மண்ணு!”

“எங்கங்க மண்ணு? ஒரு பொட்டு மண்ணு இல்ல, எல்லாத்தையும் தொடச்சாச்சு!” என்று கத்திவிட்டேன். “என் தலையிலதான் மண்ணு!”

அவர் கையிலிருந்த சாக்கட்டியைத் தரையில் விட்டெறிந்தார். அது நாலு துண்டானது. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். வீட்டில் படுத்திருக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

காருக்குப் பின்னால் போய் நின்று, காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தேன். அந்த மனிதரைக் கூட்டிவந்து, சந்து முழுக்கப் பார்க்கும்படி தோற்க வைத்துவிட்டேனே என்றிருந்தது. ரபீக் பாய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து டிக்கி மேல் வைத்தார்.

டீயைக் குடித்துவிட்டு, “இன்னொரு தடவ பாப்போம் பாய்,” என்றேன். “இந்தத் தடவ டக்குன்னு விட்றாதீங்க, செத்த நேரம் பிடிங்க.”

பிடித்தார். டக். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி.

இன்ஜின் பக்கம் ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. பார்த்தால், ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்கு வரும் மெல்லிய கேபிளிலிருந்து புகை வந்தது. அதன் பிளாஸ்டிக் உறை உருகிச் சொட்டியது.

அந்த நேரத்தில்தான் என் கணவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. கணீரென்று, எழுத்துப் பிசகாமல், சந்தின் அந்தக் கோடி வரை கேட்டது. பயத்திலும் கோபத்திலும் வரும் வசவு மூளையில் வேறொரு அறையில் இருக்கிறதாம், அதற்குப் பூட்டு கிடையாதாம். பயிற்சிக்காரப் பெண் பிற்பாடு சொன்னார். அன்று எனக்கு அது தேவாரம் மாதிரி இருந்தது.

பாய் சாவியை விட்டுவிட்டுக் குதித்தார். நான் பேட்டரி முனையை உருவினேன்.

“யா அல்லா! ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் கரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது வெறும் இரும்புக் கம்பி!”

அதுதான் என் கேள்வியும். நான் அந்தக் கேபிளைத் தொடவே இல்லையே. மின்சாரம் அதில் எதற்குப் போனது?

என் கணவர் எழுந்து வந்தார். இடது கையால் இன்ஜினை அடித்தார். பிறகு காரின் தகர உடம்பை அடித்தார். மறுபடி இன்ஜின், மறுபடி உடம்பு. இரண்டுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் கையை விரித்துக் காட்டினார். இங்கே ஒன்றுமில்லை, பார் என்பதுபோல.

“மண்ணு,” என்றார் மெதுவாக. கெஞ்சுவதுபோல.

கல்யாணமான புதிதில், வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ‘கரண்டு போனா மட்டும் பத்தாது ஈசு. திரும்பி வரணும். வர வழி இல்லன்னா அது வீட்ட விட்டே கெளம்பாது. இல்ல, கெடச்ச பொந்து வழியா வரும்.’

பேட்டரியின் மைனஸ் காரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. விளக்கும் ஹார்னும் அந்த உடம்பில்தான் இருக்கின்றன, அதனால் வேலை செய்தன. இன்ஜின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மெத்தைகளின் மேல். அதையும் உடம்பையும் இணைக்க ஒரு ஒயர் வேண்டும். அது இல்லாததால், போன மின்சாரம் திரும்ப வழியின்றி ஆக்சிலேட்டர் கேபிள் என்ற பொந்துக்குள் நுழைந்து அதை எரித்திருக்கிறது. அந்த ஒயருக்குப் பெயர் எர்த்.

எர்த். மண்.

“எர்த்தாங்க?” என்றேன். “எர்த் ஒயரா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். மூடித் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் சிரித்தது. இத்தனை நேரமும் அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத்தான் காது போதவில்லை.

ரபீக் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பழைய இன்ஜினத் தூக்குறப்ப நான்தாம்மா கழட்டினேன். ஒயரிங் பண்றப்ப தவமணி மாட்டிக்கிருவார்னு டப்பாவுல போட்டு வச்சேன். மறந்தே போச்சு.”

டப்பாவைக் கவிழ்த்தோம். பழைய நட்டுகளுக்கு நடுவே, பெண்பிள்ளை சடைபோலப் பின்னிய செம்புப் பட்டை கிடந்தது. காரின் உடம்பில் ஒரு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் மினுமினுப்பாகத் தெரிந்த பிறகு அதில் ஒரு முனையை முடுக்கினேன். மறு முனையை இன்ஜினில் மாட்டினேன். பாய் ஓடிப்போய்ப் புது ஆக்சிலேட்டர் கேபிள் வாங்கிவந்து மாட்டினார்.

இம்முறை சாவியைத் திருப்பியது என் கணவர். டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். இடது கையை எட்டிக் குறுக்கே கொண்டுபோய்த் திருப்பினார்.

டக் என்று கேட்டதா என்றே தெரியவில்லை. செல்ஃப் உறுமியது, இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி, கருப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. சந்திலிருந்த பெட்டிக்கடை, லாட்ஜ் வாசல், டீக்கடையெல்லாம் திரும்பிப் பார்த்தது. அணைத்தோம். மறுபடி போட்டோம். எடுத்தது. எனக்காக இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

சாயந்தரம் ஒச்சப்பன் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கயிறு கொண்டுவரவில்லை. “எப்பிடியும் எடுத்துருவீகன்னு தெரியும்,” என்றார். அது பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பொய்க்காகவே அவரைப் பிடித்துப்போனது.

பந்தி

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். மல்லிகைச் சரமும் ரோஜாவும் சுற்றிய அம்பாசடரில் கல்யாணப் பெண் வந்து இறங்கியதை நான் மண்டப வாசலில் நின்று பார்த்தேன். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். நான் பானெட்டைப் பார்த்தேன்.

பந்தியில் உட்கார்ந்தோம். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட அவருக்குக் கூச்சம், அதனால் ஓரமான இடமாகப் பார்த்து உட்காரவைத்திருந்தேன். ரசம் வந்துகொண்டிருக்கும்போது, தோளில் துண்டு போட்ட ஒருவர் குனிந்து கேட்டார்.

“அண்ணே, ஒச்சப்பன் கார நீங்கதான பாத்தது? மண்டபத்துக்குப் பின்னாடி என் டிராக்டர் நிக்கிது. என்ன செஞ்சாலும் அசைய மாட்டேங்குது. செத்த வந்து பாக்குறீகளா?”

எனக்குத் திக்கென்றது. புது ஆள். இவர் வாயிலிருந்து என்ன வரும், அந்த ஆள் எப்படிப் பார்ப்பார்? நானே பதில் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்து, எப்படியோ மூடிக்கொண்டேன்.

என் கணவர் ஸ்பூனை இலையில் வைத்தார். அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும்...” என்றார். தேடினார். “ரெண்டு பேரும் வாரோம்.”

பாயாசம் வருவதற்குள் நான் இலையை மூடினேன்.